கட்டத் தெரிந்தவன்

புவேர்ட்டோ மோன்ட்டில் வாழை முளைக்காது.
ஈக்வடாரிலிருந்து உறைந்து வரும் இலையை
மீன்சந்தைக்குப் பின்னால் ஒரு கடையில்
கிலோ கணக்கில் விற்கிறார்கள்,
பனிக்கட்டியையும் சேர்த்து நிறுத்து.
டிசம்பர் இருபத்திரண்டு. கோடைகாலமாம்.
மழை நிற்கவில்லை.

இலையை வெந்நீரில் கழுவி
அடுப்பு நெருப்பில் காட்டினேன்.
பச்சை பளபளத்து இளகும்போது
ஒரு வாசனை வரவேண்டும்.
வந்தது, பாதி.
மீதியை நானே போட்டுக்கொண்டேன்.

மாடு, பன்றி, கோழி
மூன்றும் நேற்றே ஒரே குழம்பில் வெந்துவிட்டன.
சோளமாவைச் சிவக்கவைக்கும் ஓனோட்டோ விதையை
மராக்காய்போவிலிருந்து பேருந்தில் வந்த ஒருத்தி
காலுறைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள்.
ஒன்பது நாள், நான்கு எல்லை.
எண்ணெய் சுட்டதும்
ஒன்றுமே நடக்காததுபோல் நிறம் விட்டது.

எங்கள் வீட்டில் அயாக்கா என்றால் எட்டுப் பேர் வேலை.
ஒருத்தி இலை துடைப்பாள், ஒருத்தி மாவு தட்டுவாள்,
ஆலிவ் வைப்பவள் ஆலிவ் மட்டும்தான் வைப்பாள்,
அதற்கே அவளுக்கு அத்தனை கர்வம்.
இங்கே எட்டுப் பேரும் நான்தான்.
சண்டையும் நானே போட்டுக்கொண்டேன்:
கேப்பர் மொட்டு போதாது என்று ஒருத்தி,
உனக்கென்னடி தெரியும் என்று இன்னொருத்தி.

கட்டுவது மட்டும் எனக்கு வராது.
எப்போதும் வந்ததில்லை.
நூல் நீளவாக்கில் இரண்டு சுற்று, குறுக்கே இரண்டு,
நடுவில் இறுக்கி ஒரு முடிச்சு.
நான் கட்டிய முதல் மூன்றும்
கொதிக்கும் பானையில் வாய் பிளந்தன.

இந்த ஊரில் கட்டத் தெரிந்தவன்
எனக்குத் தெரிந்து ஒருவன்தான்.
என்னைக் கட்டி, அவிழ்த்தவன்.
செல்போனில் அவன் எண்ணை அழித்திருந்தேன்.
விரல் அழிக்கவில்லை.

"நூல் எது? பருத்தியா, நைலானா?"
என்றான் எவ்டோமார்.
பதினான்கு மாதத்துக்குப் பிறகு
அதுதான் முதல் கேள்வி.
பருத்தி என்றேன்.
"சரி."

சால்மன் ஆலையில் ஷிப்ட் முடித்து வந்தான்.
ரப்பர் பூட்ஸைக் கதவுக்கு வெளியே கழற்றினான்.
கையைக் கழுவினான், இரண்டு முறை.
நின்றபடியே கட்டத் தொடங்கினான்.
நூல் இலைமேல் இழுபடும் சத்தம்,
பல்லால் அதை அறுக்கும் சத்தம்.
கத்தரிக்கோல் இருக்கிறது என்றேன்.
பல் போதும் என்றான்.
இதற்காக முன்பு மூன்று நாள்
பேசாமல் இருந்திருக்கிறோம்.

முப்பத்தாறாவதை ஓரமாய் வைத்துவிட்டுக் கேட்டான்:
"திராட்சை போடாதது எத்தனை?"

அப்படி எதுவும் இல்லை என்று சொல்ல
வாயைத் திறந்தேன்.
மேசை மூலையில், இலைத்தூக்குகளுக்குப் பின்னால்
நான்கு தனியாக ஒதுங்கியிருந்தன.
உலர்திராட்சை இவன் ஒருவனுக்குத்தான் ஆகாது.
எப்போது மடித்தேன்?
எட்டுப் பேரில் யார் மடித்தது?

"நான்கு" என்றேன்.
அடையாளத்துக்கு அவற்றில் இரட்டை முடிச்சு போட்டான்.
அதற்குமேல் கேட்கவில்லை.

பானை ஒரு மணிநேரம் கொதிக்கவேண்டும்.
உட்கார் என்று நான் சொல்லவில்லை,
அவனும் உட்காரவில்லை.
சொட்டிக்கொண்டிருந்த குழாயைத் திருகிப் பார்த்தான்.
நிற்கவில்லை. விட்டுவிட்டான்.

மீந்த மாவு, மீந்த குழம்பு, கிழிந்த இலை:
எல்லாம் சேர்த்துப் பிசைந்தால் கடைசியில் ஒரு போயோ.
எண்ணிக்கையில் அதைச் சேர்ப்பதில்லை.
அதையும் கட்டிக் கொடுத்தான்.

ஒன்பதரைக்கும் வெளிச்சம் போகவில்லை.
சூடான நான்கைப் பையில் போட்டுக்கொண்டு
மழைக்குள் இறங்கினான்.
பூட்ஸுக்குள் தண்ணீர் நிறைந்திருந்தது போலும்,
தெருமுனைவரை கெட்டவார்த்தை கேட்டது,
மராக்காய்போ உச்சரிப்பில், சுத்தமாக.

அடுப்படியில் நின்றபடியே போயோவை எடுத்தேன்.
முடிச்சு கல்லாய் இறுகியிருந்தது.
கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.
பல்லால் அறுத்தேன்.